படத்துக்குக் கட்டின வேப்பிலை

நம்ம கால்வாய்க்கரை ஆளுங்க, எழுபதைத் தாண்டினவங்க எல்லாரும் ஒரு நிமிசம் இடது கைச் சட்டையை மேல தூக்கிப் பாருங்க. தோளுக்குக் கீழ வட்டமா ரெண்டு தழும்பு இருக்கும். பேரப்பிள்ளைங்க தொட்டுப் பார்த்து இது இன்னாதுன்னு கேட்டா, அம்மை குத்தினதுன்னு சொல்லுவோம். யாரு குத்தினாங்கன்னு கேட்டா, ஒரு படக்காரன் நடிப்புன்னு ஏமாத்திக் குத்தவெச்சான்னு சொல்லுவோம். சில பேர் சிரிச்சிக்கினே சொல்லுவாங்க. சில பேர் திட்டிக்கினே சொல்லுவாங்க.

நானும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தேன். எனக்குக் கூட்டத்துல வாய் வராதுன்னு உங்களுக்குத் தெரியும். அதனால எழுதுறேன். அஞ்சாவதோட நின்ன எழுத்து, பொறுத்துப் படிங்க.

அப்ப மயிலாப்பூர்க் கால்வாயில படகு ஓடுச்சு. வடக்க எங்கிருந்தோ சவுக்குக் கட்டை ஏத்திக்கினு, கழி ஊனித் தள்ளிக்கினு வரும். எங்க நைனா அந்தக் கட்டையைத் தோள்ல ஏத்திக்கினு போய் விறகுத் தொட்டியில அடுக்கும். சாயந்தரம் வூட்டுக்கு வந்தா நைனா மேல ஈரப்பட்டை வாசனை அடிக்கும். எங்கம்மா மாட வீதியில மூணு வூட்டுல பாத்திரம் தேய்ச்சுது. நான் நாலாவது படிச்சேன். தம்பிக்கு நாலு வயசு. கரையில மொத்தம் இருபது குடிசை. நடுவுல ஒரு சின்னத் தெரு, கை நீட்டினா எதிர்வூட்டுக் கீத்து தட்டும்.

படக்காரர் முதல்ல வந்தது அந்தப் படகை எடுக்கத்தான். குள்ளமா இருப்பார். கதர் ஜிப்பா, தடிச்ச கண்ணாடி, முகம் பூராவும் அம்மை வடு. பாக்கெட்டுல கிராம்பு வச்சிக்கினு ஒண்ணொண்ணா மெல்லுவார். கோபாலபுரத்துல பெரிய வூட்டுப் பிள்ளையாம். கூட ஒரு ஆள் வருவாரு, பலகையில வெள்ளித் தாள் ஒட்டினதைத் தலைமேல தூக்கிக்கினு. வெயிலை அந்தப் பலகையில வாங்கி ஆளுங்க மூஞ்சியில அடிக்கிறதுதான் அவரு வேலை. நாங்க அவருக்குத் தகட்டுக்காரர்னு பேர் வச்சோம்.

சினிமான்னா நமக்கு ராஜா, ராணி, பாட்டு, கத்திச் சண்டை. இவர் எடுக்கிறதுல அது ஒண்ணும் கிடையாது.

"கதை எங்க சார்?" ன்னு நைனா ஒருநாள் கேட்டுச்சு.

"நீ கட்டை தூக்கறே பார், அதான் கதை" ன்னார்.

"நான் கட்டை தூக்குறதை எவன் டிக்கெட் எடுத்துப் பார்ப்பான்?" ன்னு நைனா அன்னிக்குப் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது.

படம் எடுக்கிறதுக்கு முன்னாடி தையல்காரன் நாடா மாதிரி ஒண்ணை எடுத்து, கேமராவுக்கும் ஆளோட மூக்குக்கும் நடுவுல அளந்து பார்ப்பார். தள்ளி நின்னா மூஞ்சி கலங்கிடுமாம். "அளவெடுத்துக்கினே கீறாரு, சொக்கா எப்ப வரும்னு தெரியல" ன்னு எதிர்வூட்டு அத்தை சொல்லும். அந்தக் கேமராவுக்குக் கடிகாரத்துக்குக் குடுக்கிற மாதிரி சாவி குடுக்கணும். பக்கத்துல இருக்கிற பிடியைத் திருகினா அரை நிமிசம் கர்ருன்னு ஓடும், நிக்கும், மறுபடியும் திருகணும். சத்தம் அதுல பதியாது. "இதுக்குக் கண்ணு மட்டுந்தான், காது கிடையாது" ன்னுவார்.

"எல்லாரும் எப்பவும் பண்றதையே பண்ணுங்கோ, என்னைப் பார்க்காதேங்கோ" ன்னு சொல்லிக்கினே இருப்பார். யாரு கேட்டா? எதிர்வூட்டு அத்தை உள்ள போய் பவுடர் பூசி, பூ வச்சி, கல்யாணப் புடவையைக் கட்டிக்கினு குடத்தோட வந்து நிக்கும்.

"தண்ணி எடுக்க யாராவது பட்டுப் புடவை கட்டுவாளா?"

"நீ தெனம் ஒரே சொக்காயைப் போட்டுக்கினு வர, அதுக்கு நாங்களும் கந்தலைக் கட்டணுமா? போய்யா, எடுத்தா எடு, எடுக்காட்டிப் போ."

அவரும் சிரிச்சிட்டு எடுப்பார்.

அந்த வருசம் அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்துக்குத் தம்பியை நைனா தோள்ல தூக்கிக்கினு போச்சு. பனை ஓலையில பின்னின கிலுகிலுப்பை வாங்கிக் குடுத்துச்சு. பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூணாம் நாள் நெத்தியிலயும் கையிலயும் முத்து எழும்பிச்சு. அம்மா பார்த்துச்சு. கன்னத்துல போட்டுக்கிச்சு. அடுப்புல இருந்த தாளிக்கிற கரண்டியை எடுத்து வெளிய வச்சுது. குடிசைக்கு நடுவுல ஒரு பழைய புடவையைக் குறுக்கே கட்டி, அந்தப் பக்கம் வாழையிலை மேல வேப்பிலை போட்டு அவனைப் படுக்க வச்சுது.

வாசல்ல மட்டும் வேப்பிலை கட்டல.

ஏன்னு உங்களுக்குத் தெரியும். அப்ப சுகாதார ஆபீசு ஆளுங்க தெருத்தெருவா வருவாங்க. வாசல்ல வேப்பிலையைப் பார்த்தா மூடின வண்டி வரும், பிள்ளையைத் தூக்கிக்கினு வடக்க இருந்த தொத்து நோய் ஆஸ்பத்திரிக்குப் போயிடும். அங்க போனவங்க திரும்பறதில்லன்னு நாம பேசிக்குவோம். நெசமா பொய்யா, யாரு போய்ப் பார்த்தோம்? ஆனா ஆத்தா வந்த வூட்டு வாசல்ல வேப்பிலை கட்டாம இருக்கிறது அவளைத் திருட்டுத்தனமா வச்சிருக்கிற மாதிரி. அது பெரிய குத்தம். எங்கம்மா வாசலுக்கும் புடவைக்கும் நடந்துக்கினே இருந்துச்சு. பாத்திரம் தேய்க்கப் போகல. கேட்டவங்ககிட்ட இடுப்பு வலின்னுச்சு. என்னைப் பார்த்து, "வாயைத் திறந்த, நாக்கை அறுத்துடுவேன்" ன்னு ஒரு தடவை சொல்லுச்சு. அதோட சரி.

அப்பத்தான் படக்காரர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை படகுக்கு இல்ல. அம்மை குத்திக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக் குடுன்னு சுகாதார ஆபீசுல கேட்டிருக்காங்க. ஸ்டூடியோவுல ஆளுங்களை வச்சு எடுக்கலாம்னா இவர் ஒத்துக்கல, நெசமான தெருவுலதான் எடுப்பேன்னு வந்துட்டார். தெரு நடுவுல நின்னு கேட்டார்:

"ஒரு ஆத்து வாசல்ல வேப்பிலை கட்டணும். உள்ளே ஒரு குழந்தை படுத்துண்டிருக்கணும். வெறும் நடிப்புதான். யார் ஆத்துல வச்சுக்கலாம்?"

எதிர்வூட்டு அத்தை துடைப்பத்தைத் தூக்கிக்கினு வந்துச்சு. "இன்னா பேசுற நீ? சும்மா கீற வூட்டுல வேப்பிலை கட்டிக்கினு அவளை வெத்தலை பாக்கு வச்சிக் கூப்பிடச் சொல்றியா? உன் மூஞ்சியில அவ ஆடினது போதலையா?"

அவர் வடுவைத் தடவிக்கினு நின்னார். கோவப்படல.

எங்கம்மா அதுவரைக்கும் வெளி ஆம்பளைங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினது கிடையாது. முந்தானையை இழுத்துப் போத்திக்கினு முன்னாடி வந்துச்சு. "எங்க வூட்டுல கட்டுங்க சார். என் பொண்ணு படுக்கும்."

அத்தை வாயில கை வச்சுது.

மத்தியானம் நைனா சாப்பிட வந்தப்ப உள்ள கிசுகிசுன்னு சண்டை. "நெசமா போட்டிருக்கிற வூட்டுக்குள்ள அந்த ஆபீசு ஆளையே கூப்பிட்டு வச்சிக்கிற. பைத்தியமாடி உனக்கு?"

"கட்டாட்டி ஆத்தா கோச்சுக்குவா. கட்டினா வண்டி வரும். இப்பக் கட்டினா யாரு கேப்பா? படத்துக்குக் கட்டினோம்னு சொல்லிக்கலாம்."

நைனா தலையைச் சொறிஞ்சிக்கிச்சு. "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி" ன்னுச்சு. அப்புறம் அதுவே போய் வேப்பங்கொத்து ஒடிச்சிக்கினு வந்து வாசல்ல கட்டிச்சு. அம்மா அந்த வாசல்ல விழுந்து கும்பிட்டுது. அம்மா நல்லா நடிக்குதுன்னு தெருவுல பேசிக்கினாங்க.

மறுநாள் காலையில என் மூஞ்சியில, கையில எல்லாம் படக்காரர் அரிசி மாவுல புள்ளி வச்சார். எனக்கு இஸ்கூல்லயே அம்மை குத்தியிருந்தது. கையைத் திருப்பிப் பார்த்துக்கினு, "சமத்து" ன்னார். என்னை முன்பக்கம் வேப்பிலை மேல படுக்க வச்சாங்க. புடவைக்கு அந்தப் பக்கம் தம்பி, அவன் பக்கத்துல அம்மா. எனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு முழம் இருக்குமா?

கேமராவை வச்சுப் பார்த்துட்டு, "இருட்டா இருக்கே. மேல நாலு கீத்தை விலக்கலாமா?" ன்னார். நைனா கூரைமேல ஏறி விலக்கிச்சு. வெயில் கத்தி மாதிரி உள்ள இறங்குச்சு. தகட்டுக்காரர் வாசல்ல நின்னு பலகையைச் சாய்ச்சார். அப்ப உள்ள கிலுகிலுப்பை ஒரு தடவை ஆடிச்சு.

"யாரு உள்ள?" ன்னார் தகட்டுக்காரர்.

"தம்பி தூங்குது" ன்னுச்சு அம்மா குரல்.

"சத்தம் வந்தா வரட்டும், கேமராவுக்குக் காது கிடையாது" ன்னு சொல்லிக்கினே படக்காரர் பிடியைத் திருகினார். கர்ருன்னு ஓட ஆரம்பிச்சுது. நான் கண்ணை அரையா மூடிக்கினு முனகணும், அதுதான் எனக்குச் சொன்னது. தகட்டு வெளிச்சம் என் காலைத் தாண்டி மெல்ல மேல ஏறிச்சு. புடவையில பட்டுச்சு.

அது எத்தனையோ வருசம் துவைச்ச புடவை. வெளிச்சம் பட்டதும் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. அதுல தம்பியோட சின்னக் கை நிழலா எழும்பிச்சு, மூஞ்சியைச் சொறியப் போச்சு. இன்னொரு பெரிய கை வந்து அதைப் பிடிச்சு, மெல்லக் கீழ இறக்கிச்சு. மறுபடியும் சின்னக் கை எழும்பிச்சு. பெரிய கை பிடிச்சுது. எல்லாம் கேமராவுக்கு நேரா. எனக்கு முனகவும் வரல.

அவர் நிறுத்தல. சாவி தீர்ற வரைக்கும் ஓடவிட்டார். கேமரா நின்னதும், திரும்பாமலே தகட்டுக்காரர்கிட்ட, "நீ போய் டீ குடிச்சுட்டு வா" ன்னார். அந்தாளு போனதும் புடவையை விலக்கினார்.

அம்மா அவர் காலைப் பிடிச்சிடுச்சு. "வண்டியைக் கூப்பிடாத சார். இதுக்கு ஒண்ணுன்னா நான் செத்துடுவேன்."

"எத்தனை நாளாச்சு?"

"முத்து எழும்பி அஞ்சு நாள்."

"ஜலம் இறங்கறதா?"

"எளநீ ரெண்டு மடக்கு."

அவர் தரையில உட்கார்ந்துட்டார். ஒரு கிராம்பை எடுத்தார், வாயில போடல. "எனக்கு ஆறு வயசுல போட்டது. எங்காத்துலயும் வெளியில சொல்லலை. பரண் மேல ஒளிச்சு வச்சா. பக்கத்தாத்துல மூணு குழந்தைகள் போச்சு. நான் பிழைச்சுண்டேன். அந்த மூணு பேர் பேரும் எனக்கு இன்னும் தெரியும்மா."

அம்மா அழுதுக்கினே இருந்துச்சு. நைனா கூரைமேலருந்து ஓட்டை வழியா பார்த்துக்கினு இருந்துச்சு.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு இந்தத் தெருவுல ஒரு கை பாக்கி இருக்கப்படாது. அத்தனை பேரும் குத்திண்டாகணும். முதல் கை உன்னோடது."

"ஆத்தா உள்ள இருக்கும்போது ஊசி குத்திக்கினா அவளை வெரட்டுற மாதிரி சார். இவனை எடுத்துக்குவா."

"அப்போ வண்டிதான்." குரலை ஏத்தாமத்தான் சொன்னார். அவர் நல்லவரா கெட்டவரான்னு அன்னிக்கு எனக்குப் புரியல. அம்மா தம்பியைப் பார்த்துச்சு, ஓட்டை வழியா நைனாவைப் பார்த்துச்சு. தலையை ஆட்டிச்சு.

அப்புறம் அவர் கேமரா மூடியைத் திறந்தார். உள்ள இருந்த கறுப்பு ஃபிலிம் சுருளை உருவி, கூரை ஓட்டையில இறங்கின வெயிலுக்கு நேரா பிடிச்சார். வெயில் பட்டா அதுல பதிஞ்சது எல்லாம் போயிடுமாம். "இதுல உன் பிள்ளையோட கை இருக்கு. ஆபீஸ்ல போட்டுப் பார்ப்பா. வேண்டாம்" ன்னார். உருவிக்கினே தனக்குத்தானே சொல்லிக்கினார்: "என் ஆயுசுல இப்படி ஒரு வெளிச்சம் கிடைச்சதே இல்லை."

ஆபீசுல அவருக்கு ரெண்டே சுருள்தான் குடுத்திருந்தாங்க. ஒண்ணு அப்படிப் போச்சு.

மறுநாள் அம்மை குத்துறவர் வந்தார், காக்கிச் சட்டையும் தகரப் பெட்டியுமா. படக்காரர் தெருவுல நின்னு, "எல்லாரும் வரிசையா வந்து கையை நீட்டுங்கோ, படத்துக்கு" ன்னார்.

"நெசமாவே குத்துவானா?" ன்னு எதிர்வூட்டு அத்தை கேட்டுச்சு.

"படம்தானேம்மா" ன்னார். ஆமாம்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சினிமாவுல கத்தியால குத்தினா யாரும் சாகறதில்லையே, அந்த மாதிரின்னு எல்லாரும் நினைச்சுக்கினாங்க.

நேத்து கூரையைப் பிரிச்சவர், இன்னிக்கு உள்ள வெளிச்சம் போதாதுன்னு தெருவுலயே எடுத்தார். ஏன்னு எனக்குத் தெரியும். நான் மாவுப் புள்ளியோட வேப்பிலைக்குக் கீழ வாசப்படியில உட்கார்ந்திருந்தேன். அம்மை குத்துறவர் என் கன்னத்தைச் சுரண்டிப் பார்த்துட்டு, "சார், நெசம் மாதிரியே கீது" ன்னு சிரிச்சார்.

முதல்ல அம்மா கையை நீட்டிச்சு. பொத்தான் அளவுல ஒரு வட்டம், அடியில சின்னச் சின்னப் பல்லு. ரெண்டு இடத்துல மருந்துத் துளி வச்சு, அந்த வட்டத்தை அழுத்தி அரைத் திருகு திருகினார். அம்மா உதடு மட்டும் அசைஞ்சுது. ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்குதுன்னு எனக்குத் தெரியும். அது கையை நீட்டினதைப் பார்த்துத்தான் மத்தவங்க வந்தாங்க.

"இன்னாயா, ரத்தம் வருது?"

"சினிமா ரத்தம்டா. கழுவினா போயிடும்."

அத்தை ஆறாவதா வந்துச்சு. "என் மூக்குத்தி தெரியுற மாதிரி எடு."

அப்பத்தான் கேமரா சத்தம் மாறிச்சு. கர்ருன்னு ஓடினது, உள்ள ஏதோ அறுந்த மாதிரி படபடன்னு அடிச்சு, அப்புறம் லேசா ஓடிச்சு. தகட்டுக்காரர் குனிஞ்சு, "சார், சுருள் தீந்து..." ன்னார்.

"நீ தகட்டைப் பிடி."

அவர் திருகினார். ஓடவிட்டார். மறுபடியும் திருகினார். கேமரா நின்னா சனங்க கலைஞ்சுடுவாங்க. மத்தியானம் வரைக்கும், வெறும் கேமராவை, ஒவ்வொரு கைக்கும் நாடாவால அளந்து அளந்து, கண்ணை அதுல வச்சிக்கினே நின்னார். உங்க கை, உங்க அண்ணன் கை, அக்கா கை, எல்லாத்துக்கும்.

பாதியில தம்பி அழுதான். வாய்விட்டு.

அம்மை குத்துறவர் கை அப்படியே நின்னுச்சு. "உள்ள யாரும்மா?"

"என் சின்னது. தூங்கி எழுந்துக்கிச்சு."

"கூட்டிக்கினு வா, அதுக்கும் குத்திடலாம்."

என் பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துக்கல. அத்தை எங்க வாசலைப் பார்த்துச்சு. வேப்பிலையைப் பார்த்துச்சு. அதுக்கு மேல என்னா பார்த்திருக்கும்னு தெரியாது, அதுக்குள்ள படக்காரர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

"கேமரா ஓடறது ஓய்! ஒரு அடி ஃபிலிம் கிடைக்கறது எத்தனை கஷ்டம் தெரியுமா? கையை நிறுத்தாதேயும்!"

அந்த மனுசன் பயந்துபோய் அடுத்த கையைப் பிடிச்சார். அதுக்கப்புறம் தம்பியைக் கேட்கவே இல்ல.

ஒரு வாரத்துல அத்தனை கையும் வீங்கிச்சு. சீழ் வச்சுது. பிள்ளைங்களுக்குக் காய்ச்சல். எதிர்வூட்டு அத்தை பொண்ணு, எனக்கு ரெண்டு வயசு சின்னவ, ராவும் பகலும் கத்தினா. அப்பத்தான் தெருவுக்குப் புரிஞ்சுது, குத்தினது நெசம்னு. ஆத்தாவுக்கு விரோதமாப் பண்ணிட்டான், நம்மளை நாடகம் ஆட வச்சிட்டான்னு கொதிச்சிக்கினு இருந்தாங்க.

ஒன்பதாம் நாள் அவர் தனியா வந்தார். ஒரு தோள்ல கேமரா, ஸ்டாண்டோட. இன்னொரு கையில பையில மூணு எளநீ. எளநீ யாருக்குன்னு எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

தெரு முனையிலயே மடக்கிட்டாங்க.

"இன்னாயா, நடிப்புன்னு சொல்லிட்டு நெசமாவே குத்தவெச்சிட்ட?"

"ஆமாம். நெசம்தான்."

"ஏன்யா? நாங்க இன்னா ஆடா மாடா?"

அவர் சுத்திப் பார்த்தார். காஞ்ச வேப்பிலைக்குக் கீழ அம்மா நின்னுக்கினு இருந்துச்சு, நான் அதோட புடவையைப் பிடிச்சிக்கினு இருந்தேன். 'உங்க தெருவுலயே அம்மை இருக்கு, அதனாலதான்' னு ஒரு வார்த்தை சொன்னா அவர் தப்பிச்சிருப்பார். எங்க வூட்டைக் கொளுத்தியிருப்பாங்க, இல்ல வண்டி வந்திருக்கும்.

"படம் நன்னா வரணுமேன்னு" ன்னார்.

"உன் படத்துல இடி விழ!" ன்னு அத்தை மண்ணை வாரித் தூத்திச்சு. யாரோ ஜிப்பாவைப் பிடிச்சு இழுத்தாங்க. கண்ணாடி கீழ விழுந்துச்சு. அப்ப கூட்டத்துக்குப் பின்னாடியிருந்து எங்க நைனா முன்னாடி வந்துச்சு. காப்பாத்தத்தான் வருதுன்னு நினைச்சேன்.

நைனா அந்தக் கேமராவை ஸ்டாண்டோட பிடுங்கி, சவுக்குக் கட்டையைத் தூக்குற மாதிரி தோள்ல தூக்கி, நாலு எட்டு நடந்து கால்வாயில வீசிச்சு.

தெரு கை தட்டிச்சு. முதல்ல அடிக்கிறவன் வூட்டை யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு அது நினைச்சிருக்கும். இப்பத்தான் எனக்கு அப்படித் தோணுது. அன்னிக்கு நைனா மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல. தண்ணி இடுப்பளவுதான். ஒருத்தரும் இறங்கல. அவரும் இறங்கல. குனிஞ்சு கண்ணாடியைத் தேடி எடுத்தார், ஒரு பக்கம் விரிசல். எளநீப் பையைத் தரையில வச்சார். போயிட்டார்.

கூட்டம் கலைஞ்சதும் அம்மா அந்தப் பையை முந்தானைக்குள்ள வச்சு எடுத்துக்கினு வந்துச்சு. நைனாவே சீவிக் குடுத்துச்சு. தம்பி ரெண்டு எளநீ குடிச்சான்.

அவன் பிழைச்சுட்டான். முத்து உதிர்ந்து, தலைக்கு மூணு தண்ணி ஊத்தினோம். சிந்தாதிரிப்பேட்டையில பெரியம்மா வூட்டுக்குப் போயிருந்தப்ப அங்க போட்டுச்சுன்னு தெருவுல சொன்னோம். நம்பினீங்க. வேற ஒரு வூட்டுலயும் வரல. ஆடி மாசம் கூழ் ஊத்தினப்ப, "அந்தப் பாவி குத்தினதுக்குக் கோச்சுக்காம ஆத்தா நம்மளை விட்டா பாரு" ன்னு அத்தை சொல்லுச்சு. அம்மா கூழைக் கிண்டிக்கினே இருந்துச்சு, தலை நிமிரல.

அதுக்கு முன்னாடி ஒருநாள், மூணாம் தண்ணி ஊத்தின மறுநாள், அக்கரையில படக்காரர் நின்னுக்கினு இருந்தார். வெறுங்கையோட, அதே விரிசல் கண்ணாடி. இந்தப் பக்கம் வரல. நான் உள்ள ஓடி, தம்பியை இடுப்புல தூக்கிக்கினு வந்து கரையில நின்னேன். தூக்க முடியல, அவன் கால் என் முட்டியைத் தாண்டித் தொங்குது. வடு மூஞ்சியோட அவன் படகைப் பார்த்துக்கினு இருந்தான். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு கையைத் தூக்கினார். நடுவுல விறகுப் படகு ஒண்ணு வந்து மறைச்சுது, அது போனப்புறம் அங்க யாரும் இல்ல. அம்மா வந்து என் முதுகுல ஒண்ணு வச்சு உள்ள இழுத்துக்கினு போச்சு.

தம்பியை உங்களுக்கு நல்லாத் தெரியும். பட்டறையில வெல்டிங் வேலை, நாலு பிள்ளைங்க, பேத்தி கல்யாணம் வரைக்கும் பார்த்துட்டு ரெண்டு வருசம் முன்னாடி போனான். அவனும் அந்தப் படக்காரரைத் திட்டுவான். அவனுக்கே நாங்க சொல்லல. அம்மாகிட்ட கடைசிக் காலத்துல கேட்டேன், "சொல்லியிருக்கலாமேம்மா" ன்னு. "சொன்னா உங்க நைனா தெருவுல நடக்குமாடி?" ன்னுச்சு.

போன மாசம், குடிசைக்குப் பதிலா நமக்குக் கட்டிக் குடுத்த இந்த பிளாக்குக்கு ஒரு பொண்ணு வந்துச்சே, கையில போனோட. அந்தக் காலத்துல கதையில்லாத படம் எடுத்தவங்களைப் பத்திச் சேகரிக்குதாம். அவர் எடுத்ததுல பனையேறி, உப்பளம், படகுன்னு ஏதோ கொஞ்சம்தான் மிச்சம் கிடைச்சிருக்காம். நம்ம தெருப் படத்துக்கு அப்புறம் அவர் கேமராவைத் தொட்டதுக்கு அடையாளமே இல்லையாம். நம்ம தெருவுல எடுத்ததைப் போன்ல போட்டுக் காட்டிச்சு. நீங்க எல்லாரும் சுத்தி நின்னீங்க. சத்தமே இல்லாம எங்கம்மா கையை நீட்டுது. எங்கம்மாவுக்கு அப்ப முப்பது வயசுகூட இருக்காது. பின்னாடி வேப்பிலை. வாசப்படியில புள்ளி வச்சிக்கினு நான். அஞ்சாறு கை. அத்தையோட மூக்குத்தி மின்னுது. அப்புறம் வெள்ளையா ஆயிடுச்சு.

அத்தை பொண்ணுதான் சொன்னா: "ஏமாத்துக்காரன்மா அந்தாளு. படம் நல்லா வரணும்னு அத்தனை பேர் கையையும் குத்தவெச்சான். அவன் வாயாலயே சொன்னான்." அந்தப் பொண்ணு அதை அப்படியே எழுதிக்கிச்சு. எழுதினதை ஒரு தடவை படிச்சும் காட்டிச்சு. புத்தகமா வருமாம். அப்புறம் என்கிட்ட வந்து, "பாட்டி, இது நீங்கதானா? அன்னிக்கு என்ன நடந்துச்சு?" ன்னு கேட்டுச்சு.

"சின்னப் பொண்ணும்மா அப்ப. ஒண்ணும் நெனப்பில்ல" ன்னேன்.

ஞாயித்துக்கிழமை அது மறுபடியும் வருது. எங்க நைனா பேரு கெட்டாலும் சரி, எல்லாத்தையும் சொல்லப் போறேன். அதுகிட்ட சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும், அதான் இது. கோவம் இருந்தா சனிக்கிழமைக்குள்ள வந்து திட்டிட்டுப் போயிடுங்க. எனக்குப் பதில் சொல்ல வராது. ஆனா வூட்டுலதான் இருப்பேன்.